கவர் பிரிக்காத வண்டி

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்குச் சட்டை உண்டு. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குச் சட்டை உண்டு. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய நீலத் தாள் இன்னும் அப்படியே இருப்பதால், எங்களுக்கு மட்டும் மணி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். வீட்டில் சட்டையில்லாமல் திரிவது என் தம்பி அஹ்சன் ஒருவன்தான். அவனையும் எப்போது பாலித்தீனில் போட்டுச் சுற்றிவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது.

எல்லாம் என் வாப்பாவின் வேலை. அப்துல் ஜப்பார் என்று கேட்டால் கும்மிடிப்பூண்டி பஜாரில் யாருக்கும் தெரியாது. 'கவர் பாய்' என்று கேட்டால் கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். சிப்காட் கம்பெனிகளுக்கு பாலித்தீன் கவர், ஒட்டுகிற டேப், பெட்டி சுற்றுகிற ஷீட் எல்லாம் அவர்தான் சப்ளை. பக்கத்து ஊரான கவரைப்பேட்டைக்கு வாப்பாவை வைத்துத்தான் பேர் வந்தது என்று நான் ஒரு நாள் அஹ்சனிடம் சொன்னேன். அவன் அதைப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டு, காது சிவக்க வீட்டுக்கு வந்தான்.

விற்பவருக்குத் தன் சரக்கின் மேல் ஆசை இருப்பது சகஜம்தான். ஆனால் வாப்பாவின் கதை கடைக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. பழவேற்காட்டில், பிழைத்திருந்த ஐந்து ஆண்பிள்ளைகளில் அவர் நாலாவது. ஒரு சட்டை மூன்று உடம்பைப் பார்த்த பிறகுதான் அவரிடம் வரும். செருப்பு வந்தால் அதில் வேறொருவருடைய கட்டைவிரல் ஏற்கெனவே பள்ளம் போட்டிருக்கும். பாடப்புத்தகம் வந்தால் உள்ளே இருக்கிற தலைவர்கள் அத்தனை பேருக்கும் அண்ணன்மார் கொம்பும் கண்ணாடியும் வரைந்து முடித்திருப்பார்கள். இவர் கிறுக்குவதற்கென்று ஒரு முகம்கூட மிச்சம் இருக்காது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அவர் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது.

பேரும் அப்படித்தான். இவருக்கு முன்னால் பிறந்து, கண் நன்றாகத் திறப்பதற்குள் இறந்துபோன ஒரு குழந்தைக்கு வைத்த பேர் அது. நல்ல பேர், வீணாகப் போகக்கூடாது என்று அடுத்து வந்த இவருக்கு வைத்துவிட்டார்கள். "பேருகூட எனக்கு செகண்ட் ஹேண்டுதாம்மா" என்று வாப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பது அவர் மட்டும்தான்.

அப்படிப்பட்டவர் இரண்டாயிரத்து ஆறில் புத்தம்புதிதாக ஏழு சீட்டு வண்டி ஒன்று வாங்கினார். காருக்கும் ஜீப்புக்கும் நடுவில் ஒரு உயரம். வெள்ளி நிறம். மெட்ராஸ் ஷோரூமிலிருந்து அவர் அதை ஓட்டிக்கொண்டு வரவில்லை, ஏதோ தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல மெதுவாகக் கொண்டுவந்தார். பின்னால் வந்த லாரிகள் அடித்த ஹாரன் கும்மிடிப்பூண்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

சீட்டில் போட்டிருந்த பாலித்தீனை அவர் பிரிக்கவில்லை. கதவு அட்டையில், வெயில் மறைப்பில், எதிலும் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வெளியே நிற்கும்போது வண்டிக்கு மேலேயும் ஒரு உறை. உம்மாவின் தம்பி ரிஜ்வான் மாமா பழவேற்காட்டிலிருந்து பார்க்க வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்:

"இன்னா மச்சான், கார் வாங்குனியா, பார்சல் வாங்குனியா?"

"பிரிச்சிட்டா பழசாயிடும்டா."

"பிரிக்காத உட்டா?"

"புதுசாவே கீதில்ல."

மாமா இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த வண்டியில் போவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சித்திரை வெயிலில் உட்கார்ந்தால் சீட்டு நம்மைப் பிடித்துக்கொள்ளும். எழுந்தால் பிளாஸ்திரி பிய்ப்பதுபோல இருக்கும். பிரேக் போட்டால் கடைசி வரிசையில் அஹ்சனும் நானும் கூடையிலிருந்து கொட்டின மீன் மாதிரி முன்னால் வந்து சேருவோம். மூச்சு விட்டால்கூட கவர் கரகரவென்று சத்தம் போடும். அதைவிட அந்த வாடை. புது பிளாஸ்டிக்கை வெயிலில் வேக வைத்தால் வருகிற வாடை. லாரிப் புழுதி உள்ளே வந்துவிடும் என்று எங்கள் பக்கத்துக் கண்ணாடிகளை இறக்க விடமாட்டார். ஏசி விருந்தாளிகளுக்கு மட்டும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் எப்போதும் இறங்கியிருக்கும். டிரைவிங் ஸ்கூலில் கையை நீட்டி சிக்னல் காட்டச் சொல்லிக்கொடுத்தார்களாம். வேர்க்கிறது என்று தன் சீட்டில் மட்டும் ஒரு பூத்துவாலை விரித்துக்கொள்வார். ஆக, அந்த வண்டியின் கவரில் உட்காராத ஒரே ஆள், வண்டியின் சொந்தக்காரர்.

வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். வாப்பா கதவைத் திறந்து உம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்தார். அவர் பக்கத்தில் உம்மா உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வண்டியே. அதை அவர் சொன்னதில்லை. ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன் உம்மாவின் புடவைத் தலைப்பை எடுத்து உள்ளே விட்டாரே, அதிலேயே தெரிந்துவிட்டது.

என் உம்மா ஆபிதா, கவரைப்பேட்டை தாண்டியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். வாப்பா ஓரம் கட்டுவதற்குள் சீட்டில் பாதி, ரோட்டில் பாதி. வாப்பா ஓடிவந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். முதுகைத் தடவினார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். கடைசியில் ஒன்று சொன்னார்:

"பரவால்ல ஆபிதா, நீ கவலப்படாத. கவர் கீதுல்ல. சீட்டுக்கு ஒண்ணும் ஆவல."

உம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. "எனக்குக் காரே ஒத்துக்காதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது. திருவள்ளூரில் கட்டிக்கொடுத்த ரமீஸா அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால், உம்மா மின்சார ரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, வேறு ரயில் மாறிப் போவாள். வாப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஆரணி, பெரியபாளையம் வழியாகத் தனியாகப் போய், திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் குடையோடு நிற்பார். அங்கிருந்து அக்கா வீட்டுக்கு இருவரும் நடந்து போவார்கள். ஏழு சீட்டு வண்டி ஸ்டேஷனிலேயே நிற்கும். திரும்பும்போதும் அதேதான்.

உம்மாவுக்குக் கார் ஒத்துக்காது என்பதை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், பழவேற்காட்டில் ஒரு கல்யாணம் வரும் வரைக்கும். அன்றைக்கு வாப்பா கடையை விட்டு வர முடியவில்லை. திரும்பும்போது ரிஜ்வான் மாமா தன் ஓட்டைக் காரில் பொன்னேரி ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். சீட்டுத் துணி கிழிந்து உள்ளே இருந்த பஞ்சு வெளியே எட்டிப்பார்க்கிற கார். என் உம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, மடியில் முறுக்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, பொன்னேரி வரைக்கும் கடித்துக்கொண்டே வந்தாள். நடுவில், ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கும் ஒன்று நீட்டினாள்.

நான் அவளையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இறங்கியதும் தொடையில் கிள்ளினாள்.

"வாப்பாகிட்ட சொல்லாத."

"அப்ப ஒத்துக்காதது காரு இல்ல. கவரு."

"வாய மூடு."

"சொன்னா பிரிச்சிடப் போறாரு. இதுல இன்னா உம்மா கீது?"

"பிரிச்சிடுவாருடி. அதுக்குத்தான் சொல்லல." முந்தானையில் முறுக்குத் தூளைத் தட்டினாள். "கல்யாணத்தன்னிக்குப் போட்ட சட்டைகூட அவங்க பெரியண்ணன்து. காலர்ல மை கற. நான் அத முதல் நாளே பார்த்துட்டேன், நான் பார்த்தத அவரும் தெரிஞ்சிக்கினாரு. இப்ப ஒண்ணு ஆசையா வெச்சிக்கினு கீறாரு. இருந்துட்டுப் போவுட்டும். எனக்கு ரயிலு கீது."

சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பத்தாவதில் இரண்டு பாடம் போய் வீட்டோடு இருக்கிறவளுக்குச் சத்தியம் செய்ய நிறைய நேரம் இருக்கிறது. செய்தேன்.

போன வருஷம் ரமீஸா அக்கா உண்டானாள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வர வேண்டும். ஆனால் டாக்டர் அம்மா, படுத்த இடத்தைவிட்டு அசையக்கூடாது, பிரயாணமே கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் வர முடியாது என்றால் உம்மாதான் போக வேண்டும். வாரத்துக்கு வாரம் பேசின் பிரிட்ஜ் படி. ராத்திரி முட்டியில் தைலம் தேய்ப்பாள். வாப்பா பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, வண்டி புரோக்கர் தணிகாசலம் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாத்துக்கு பாய் விக்கிற? கவரே பிரிக்கல, பொண்ணு பார்க்காத மாப்ள மாதிரி கீது வண்டி."

"ஊட்ல அவளுக்கு ஒத்துக்கல தணிகாசலம்."

"அதுக்கு?"

"பேரப்புள்ள பொறந்தா அவ ரயில்ல போவா. நான் ஏழு சீட்ட வெச்சிக்கினு தனியா பின்னாடியே போவணும். எனக்கு எதுக்கு அது. வித்துட்டு நானும் அவகூட ரயில்ல போறேன்."

சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் உம்மாவிடம் செய்த சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் வண்டி போச்சு. வண்டி போனால் எனக்கென்ன, தொடையில் தோல் மிஞ்சும். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகப் புதிதாக வாங்கிய ஒன்றையும் அந்த மனுஷன் வேறு யாருக்கோ பழசாகக் கொடுக்கப் போகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம். உட்கார வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

தணிகாசலம் வண்டி பார்க்க வருவதாகச் சொன்னது வெள்ளிக்கிழமை மத்தியானம். காலையிலேயே வண்டியின் மேல் உறையை எடுத்து மடித்து வைத்தேன், "கலர் தெரியட்டும் வாப்பா" என்று. வண்டி உச்சி வெயிலில் பொறுமையாக வெந்துகொண்டிருந்தது. ஜும்மா முடிந்து வந்த வாப்பாவுக்கும் தணிகாசலத்துக்கும் உம்மா செய்த பிரியாணியை நானே பரிமாறினேன். வாப்பா போதும் போதும் என்ற பிறகும் இரண்டு கரண்டி. உம்மா அடுக்களையிலிருந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் இவ்வளவு நல்ல பெண்ணாக நடந்து அவள் பார்த்ததில்லை.

"அண்ணே, வாப்பா ஓட்டுனா நாப்பதுக்கு மேல போவாது. நீங்களே ஓட்டுங்க, அப்பத்தான் இன்ஜின் தெரியும்" என்றேன் தணிகாசலத்திடம்.

"பாப்பா சொல்றதும் கரெக்ட்டு பாய். நீ பக்கத்துல குந்து."

அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள், டிரைவர் கதவில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தானை அழுத்திவிட்டேன். அதை அழுத்திவிட்டால் மற்றக் கண்ணாடிகள் எதுவும் இறங்காது. குழந்தைகளுக்காக வைத்தது. பிறகு நல்ல பிள்ளையாகப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வாப்பா, வாங்கிய நாளிலிருந்து முதல்தடவையாக, உம்மாவின் சீட்டில் உட்கார்ந்தார். கவர் கரக் என்றது.

ரயில்வே கேட் வரைக்கும் வண்டியின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தார். ஹைவே ஏறியதும் பேச்சு குறைந்தது. இன்ஜின் இழுவை தெரிய வேண்டும் என்று ஏசியை அணைத்துவிட்டு, தணிகாசலம் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டினார். வாப்பாவின் பிடரியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை மெதுவாகக் கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது. அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். வண்டி பார்க்க வந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது, கண்ணாடி இறங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கையை மடியில் வைத்துக்கொண்டு முழுங்கிக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. போதும், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தணிகாசலத்தின் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் ஓரங்கட்டு."

இறங்கிப் போய் ரோட்டோரம் குனிந்தார். நான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிரியாணி கொஞ்சம் ஓவர் பாய்" என்றார் தணிகாசலம், சீட்டிலிருந்தபடியே. "பேஜாருதான்."

வாப்பா வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பர்ஹானா, உம்மா அன்னிக்கு எங்க எறங்குனா?"

"கவரைப்பேட்ட தாண்டி, வாப்பா."

"தாண்டியா?"

"ஆமா."

"நான் கவரைப்பேட்டைக்கே இன்னும் வரலியே."

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினேன்.

"வேற வண்டியில போனா அவளுக்கு இப்டி ஆவுதா?"

சத்தியம் சத்தியம்தான். "லாரி எவ்ளோ பெருசா போவுது பாருங்க வாப்பா" என்றேன்.

வாப்பா லாரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கவர் விற்றுப் பிழைக்கிறவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே தெரியும் போல.

"கண்ணாடி ஏன் எறங்கல?"

"தெரியல வாப்பா."

"தெரியல" என்றார் அவரும். திட்டவில்லை. எழுந்து போய் தணிகாசலத்தை இறங்கச் சொன்னார். டிரைவர் சீட்டில் இருந்த துவாலையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, வெறும் கவரில் உட்கார்ந்து வீடு வரை ஓட்டினார். வீட்டு வாசலில் தணிகாசலம் ரேட்டுப் பேச வாயெடுத்தார். "விக்கல தணிகாசலம். சாப்ட்டியில்ல, போய்ட்டு வா" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம், உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, வாப்பா கடை பிளேடை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். முதலில் பிளேடு போடாமல், ஓரத்தை நகத்தால் நிமிண்டி நிமிண்டி, முழுசாக உருவி எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் அந்தச் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கீறினார். அந்தச் சத்தம் எனக்குப் பல்லில் கூசியது. ஒரு சீட்டு மட்டும்தான். முன்சீட்டு. மற்றதில் கை வைக்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரிக்க அவரால் முடியாது, எனக்கும் அது புரிந்தது. நாலு கதவையும் விரியத் திறந்துவைத்து, வாடை போகட்டும் என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உம்மா வரும் நேரத்துக்கு மேல் உறையை இழுத்து மூடிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் திருவள்ளூரிலிருந்து அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். முந்தின ராத்திரி முழுக்க உம்மா தூங்கவில்லை, தொழுகைப் பாயிலேயே இருந்தாள். போனை வைத்ததும் ரயிலுக்கு நேரம் பார்த்தாள். பார்த்தால், வாப்பா வாசலில் வண்டிக் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார்.

உம்மா முன்சீட்டைப் பார்த்தாள். சாம்பல் நிறத் துணி, சின்னச் சின்னக் கோடு போட்டது. அப்படி ஒரு துணி உள்ளே இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

"இன்னாங்க இது? ஏன் பிரிச்சீங்க?"

"நான் பிரிக்கல. கிழிஞ்சி போச்சி."

"தானாவா?"

வாப்பா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பர்ஹானா கிழிச்சிட்டா."

ஊரில் காணாமல் போனது, உடைந்தது, தலைகீழானது எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு, நியாயமாகவே. ஆனால் இது நான் செய்யாதது. உம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தியத்தை மீறிவிட்டேனா என்று கேட்கிற பார்வை. வாப்பாவும் என்னைப் பார்த்தார். அது கெஞ்சுகிற பார்வை.

"ஆமா உம்மா. சும்மா பிச்சிப் பாத்தேன். வந்துருச்சி."

கிள்ளு விழுந்தது. சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டேன்.

"எவ்ளோ ஆசையா வெச்சிருந்தாரு. சனியனே" என்றாள் உம்மா. வாப்பாவிடம், "போனது போச்சி, மனசுல வெச்சிக்காதீங்க" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

வாப்பா அவள் பக்கத்துக் கண்ணாடியை அவரே இறக்கிவிட்டார். புழுதி வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார். கவரைப்பேட்டை வந்தபோது அஹ்சனும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டோம். வாப்பா ரோட்டைப் பார்த்ததைவிட உம்மாவைப் பார்த்ததுதான் அதிகம். கவரைப்பேட்டை போய்விட்டது. உம்மா சுங்குடித் துணியில் முடிந்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்தாள்.

"இதான ஆரணி? பட்டுப்பொடவ ஊரு?" என்று கேட்டாள் ஆரணி வந்தபோது.

"அது வேற ஆரணி. இது நம்ம ஆரணி."

"அங்கயும் ஒரு நாள் போலாமா?"

"போலாமே" என்றார் வாப்பா. அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்தது. கவர் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியபாளையம் தாண்டியதும் உம்மாவின் தலை சாய்ந்தது. முக்காடு நழுவ, வாய் லேசாகத் திறக்க, தூங்கிப்போனாள். வாப்பா வேகத்தைக் குறைத்தார். ஏற்கெனவே இருந்த வேகத்தில் குறைக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சைக்கிள்காரன் ஒருவன் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனான். பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் கையை நீட்டி, போ, போ என்று அனுப்பினார். அஹ்சன் அசைந்தான். கவர் கரக் என்றது. கண்ணாடி வழியாக வாப்பா ஒரு முறை முறைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சிலை.

திருவள்ளூர் வந்தது. ஆஸ்பத்திரி வந்தது. வண்டி நிற்காமல் தாண்டிப் போனது.

"வாப்பா, ஆஸ்பத்திரி" என்றேன் காதருகில் குனிந்து.

"தெரியும்."

கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு, ஸ்டேஷன் ரோட்டில் போய்த் திரும்பி, மறுபடி குளம். பாக்கெட்டில் போன் அடித்தது. பதறி எடுத்தார்.

"வந்துட்டோம் மாப்ள. ஊருக்குள்ளதான் கீறோம்." குரல் தொண்டைக்கு மேலே வரவில்லை. "உங்க மாமி தூங்குறாங்க. ஆமா, வண்டியிலதான். நம்ம வண்டியில. புள்ள தூங்குதா? சரி, அதுவும் தூங்கட்டும். கொஞ்ச நேரத்துல வந்துர்றோம்."

எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. குளத்தங்கரைத் திருப்பத்தில் ஒரு மாடு நடுரோட்டில் நின்றது. வாப்பா ஹாரன் அடிக்கவில்லை. மாடாகப் பார்த்துப் போகட்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அமைதியில் உம்மா கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டோமா?"

"இப்பத்தான் ஊருக்குள்ள நொழையிறோம்."

அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு முக்காட்டைச் சரி செய்தாள். "தூங்கிட்டேன் போல கீது."

"அப்டியா? நான் கவனிக்கல."

உம்மா தொடைக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டுத் துணியைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். இன்னொரு தடவை தடவினாள். பிறகு திரும்பாமலே என்னிடம் சொன்னாள்:

"இனிமே எதையாச்சும் கிழிக்கிறதுன்னா வாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு கிழி."

"சரி உம்மா" என்றேன்.

வாப்பா மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.